குல்லா சென்டரின் பீரோ சாவி

அந்தக் குல்லாக்களை யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை என்று தெரிந்த அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாள் முழுக்கக் குனிந்து பின்னிக் கழுத்து பிடித்துக்கொண்டு கிடக்கிறோம், அதைச் சும்மா தூக்கிக் கொடுப்பார்களாம். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் ஜன்னல் கண்ணாடி விற்கிற கம்பெனி அது. அவர்களிடம் ஜன்னல் போட்டவர்களுக்குக் குளிர்காலத்தில் ஆளுக்கொரு கம்பளிக் குல்லா கொடுப்பார்கள். நெற்றி மடிப்பில் கம்பெனியின் சின்னம் இருக்கும். நீலத் துணியில் ஒரு வெள்ளைச் சதுரம், நடுவில் கூட்டல் குறி. தெருவில் போகிறவர்கள் கண்ணில் அது பட்டால் போதும், அவர்களுக்கு லாபம்.

"நகைக்கடையில கட்டப்பை குடுக்கறாங்கல்ல, அந்த மாதிரிதான்" என்று சென்டர் நடத்திய மேடம் விளக்கினார்.

"அப்ப நாங்க பின்றது பையிங்களா மேடம்?"

"பைன்னே வச்சிக்கோ. ஆனா ஒரு தையல் பிரிஞ்சிருந்தாலும் பை திரும்பி வந்துடும்."

மேடம் வேலூர்க்காரர். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக்காரரிடம் ஆர்டர் பிடித்து, எங்கள் மலை ஊரான நெல்லிவாசல்நாட்டில் ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து சென்டர் போட்டிருந்தார். கீழே சமவெளியில் உல்லன் நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் வியர்வை ஊறி நூல் நாறிவிடும். எங்கள் மலைக் குளிருக்கு அந்தத் தொல்லை இல்லை. சாமை அறுப்பு முடிந்தால் பெண்களுக்கு வேலையும் இல்லை. இந்த இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் அவர் மலை ஏறி வந்தார். பதினான்கு பேர் பின்னினோம். பன்னிரண்டாவது படித்தவள் என்பதால் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார். பின்னிய குல்லாவை வாங்கிப் பார்த்து, சரியில்லாததைப் பிரிக்கச் சொல்லி, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. திட்டு வாங்குவதும் என் வேலைதான்.

முதல் வருஷம் நாலு பெண்கள் வேலையைக் கற்றுக்கொண்டதும் திருப்பூர் மில்லுக்கு ஓடிப்போனார்கள். மேடம் உஷாராகிவிட்டார். இனி சென்டரில் உட்காருகிறவர்கள் பத்தாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரிஜினலாக ஒப்படைக்க வேண்டும் என்றார். பெண்கள் முணுமுணுத்தார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு அந்தச் சாதிச் சான்றிதழ் என்ன பாடு பட்டால் கையில் வரும் என்று எங்கள் அப்பன்மாரைக் கேட்டால் தெரியும். அப்போது எழுந்து நின்று வீரம் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

"என்னுதே மொதல்ல குடுத்துட்டேன். உங்களுக்கு இன்னாடி பயம்? பீரோ சாவி என்கிட்டதான இருக்கப் போவுது?"

சாவி என்னிடம்தான் இருந்தது. ஒவ்வொருத்தியின் காகிதங்களையும் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே என் கையாலேயே பெயர் எழுதி, அந்தப் பச்சை நிற இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

குல்லா பின்னுவதில் எங்களுக்கு ஒரு முறை இருந்தது. பின்னி முடித்ததும் அதைத் தலை மாதிரி இருக்கிற ஓர் உருண்டையில் மாட்டி அளவு பார்க்க வேண்டும் என்று திருப்பூரில் சொல்லியிருந்தார்கள். அந்த உருண்டை இன்று வரும், நாளை வரும் என்று ஆறு மாதம் ஆகியும் வரவில்லை. உருண்டைக்கு எங்கே போவது? சொந்தத் தலை இருக்கும்போது உருண்டை எதற்கு என்று நான்தான் சொன்னேன். முடித்தவள் தன் தலையிலேயே போட்டுப் பார்த்து, காது மூடுகிறதா, நெற்றி மடிப்பு புருவத்துக்கு மேலே நிற்கிறதா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டுவிட்டு என்னிடம் கொடுப்பாள். நானும் என் தலையில் ஒரு தரம் போட்டுப் பார்ப்பேன். சென்டரே அப்போது கொண்டாட்டமாக இருக்கும். "ஏய், மாப்பிள்ள மாதிரி கீற" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி குல்லாவோடு எழுந்து மீசை முறுக்கிக் காட்டுவாள். எங்கள் தலையில் என்ன இருக்கிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து காலையில் சொட்டச் சொட்டத் தேய்த்துக் கொண்டை போட்டால்தான் எங்களுக்குத் தலை தலையாக இருக்கும். எண்ணெய் இல்லாத தலையோடு வெளியே வந்தால் வீட்டில் என்ன துக்கம் என்று கேட்பார்கள்.

பதினான்கு பேரில் வேகமாகப் பின்னுகிறவளுக்கு மிஷினு என்று பெயர் வைத்திருந்தோம். நாங்கள் இரண்டு முடிப்பதற்குள் அவள் நாலு முடிப்பாள். ஒடுகத்தூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகிறேன் என்று போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டு திரும்பி வரவில்லை. கைக்குழந்தையைச் சென்டர் விட்டத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, ஒரு கால் கட்டை விரலில் தூளிக் கயிற்றைக் கட்டி ஆட்டிக்கொண்டே பின்னுவாள். புருஷனைப் பற்றிக் கேட்டால், "போனவன் என் தலையெழுத்தையும் எடுத்துட்டுப் போய்ட்டான், விடு" என்று சிரிப்பாள். என்னை அக்கா என்பாள். எனக்கும் அவளைப் பிடிக்கும். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நான் சொல்லப்போவதற்கு அர்த்தம் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தபால் வந்தது. எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்த்த டீச்சரம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு நாங்கள் இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டிருந்தோம். வியாழக்கிழமை காலை திருப்பத்தூரில் நேர்காணல், ஒரிஜினல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரே ஊர், ஒரே வேலை. அந்த அம்மா அந்த நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். இப்போது உட்காருகிறவளும் தலை நரைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். இது தவறினால் நான் சாகிற வரைக்கும் குல்லாதான். எனக்கு முப்பத்துநாலு வயது.

மிஷினு கடிதத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சொன்னாள்: "யாருக்குக் கெடச்சா இன்னாக்கா. நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி வெளிய போனா போதும்."

நான் சிரித்தேன். ஆனால் உள்ளே வேறு கணக்கு ஓடியது. புருஷன் கைவிட்ட பெண்களுக்கு முன்னுரிமை உண்டு என்று எனக்குத் தெரியும். அவளும் நானும் ஒன்றாகப் போய் நின்றால், வேலை அவளுக்குத்தான். அவளுக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் என் வீட்டுக்காரரின் ஜீப்பில் பெட்டிகள் வந்து இறங்கின. அவர் புதூர்நாட்டுக்கும் எங்கள் ஊருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். நூல் பெட்டி என்று நினைத்து ஓடினோம். ஆயிரத்து இருநூறு குல்லாவும் திரும்பி வந்திருந்தன. திருப்பூரில் சோதனை செய்தவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். உள்ளே கொண்டை உட்கார்ந்த இடத்தில் வட்டமாகப் பழுப்புக் கறை. நீள முடி ஒன்று. காய்ந்த கனகாம்பரம் ஒன்று. அடுத்ததைத் திருப்பினாராம், அதிலும் கறை. பெட்டியைத் திறந்தாலே எண்ணெய்க் கடை வாசனை அடிக்கிறது என்று மேடத்துக்குப் போனில் காது கூசப் பேசியிருக்கிறார்கள். கூடவே வந்திருந்த மேடம் அதை வட்டியும் முதலுமாக எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"தலையில போட்டுப் பாக்கச் சொன்னது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"எண்ணெ தேச்ச தலையிலயா?"

"எங்க தல அப்டித்தாங்க இருக்கும்."

"பத்து நாள்ல அத்தனையும் தொவச்சி, காய வச்சி, வாசன இல்லாம அனுப்பணும். இல்லனா ஆர்டரு போச்சி. என் பொழப்பும் போச்சி."

இந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எனக்கும் மிஷினுக்கும் வியாழக்கிழமை நேர்காணல், என் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டேன். அவர் குரல் உடனே தணிந்துவிட்டது. கத்தினாலாவது பரவாயில்லை.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலம்மா. இந்தப் பெட்டிங்க மலையை விட்டு எறங்கட்டும். அன்னிக்கே எடுத்துக்கோ. இப்ப ஒருத்திக்குக் குடுத்தா பதினாலு பேரும் கேப்பாங்க. அப்பறம் யாரு ஒக்காந்து தொவைப்பாங்க? நீயே சொல்லு."

சரிங்க மேடம் என்றேன்.

அன்றிலிருந்து சென்டர் முழுக்க ஈரக் குல்லா. கடைகளில் இருந்த ஷாம்பு பாக்கெட் சரங்களை எல்லாம் வாங்கி வந்து தொட்டியில் கரைத்து அலசினோம். விளக்கெண்ணெய் லேசில் போகிற எண்ணெயா அது! மூன்று தண்ணீர் அலசினால்தான் வழுவழுப்பு விட்டது. அலசியதைப் பிழியவும் கூடாது, பிழிந்தால் வடிவம் கெட்டுவிடும். துணியில் சுற்றி அமுக்கிவிட்டுக் கொடியில் போட வேண்டும். கொடி எங்கே? மழை விட்டால்தானே! வெளியே பத்தடி தூரம் தெரியவில்லை, மேகம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி நானூறு நீலக் குல்லாக்களைத் தொங்கவிட்டோம். குனிந்துதான் நடக்க வேண்டும். நிமிர்ந்தால் முகத்தில் ஈரக் கம்பளி இடிக்கும். மூன்று நாள் ஆகியும் ஒன்றுகூடக் காயவில்லை. ஒருத்தி புத்திசாலித்தனமாக நாற்பது குல்லாவை வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்துக் கொண்டுவந்தாள். எண்ணெய் வாசனை போய் விறகுப் புகை வாசனை வந்திருந்தது. அதை மறுபடி தொட்டியில் போட்டோம். எனக்குத் தலையை எங்காவது மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குள் கொண்டையூசி வளைவு ஒன்றில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. பஸ் நின்றது. ஜீப்பும் வீட்டு வாசலில் நின்றது. மேடம் மலை ஏறி வர முடியாது, நாங்கள் இறங்க முடியாது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. நாள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தது. சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கிண்டலாகக் கேட்டார். "சாவி உன்கிட்டதான கீது? தொறந்து எடுத்துக்கினு போயேன். ஜெயிலுக்கு வார்டனும் நீயே, கைதியும் நீயேவா?"

"சொல்லாம எடுத்தா அதுக்குப் பேரு வேற."

"உன் மார்க் ஷீட்ட நீ எடுத்தா இன்னா பேரு?"

"சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எரிந்து விழுந்தேன். அவருக்கா தெரியாது? எனக்குப் பயம், அவ்வளவுதான். யாராவது நம்பி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அதோடு என் கையைக் கட்டிவிட்டதாக நினைக்கிற ஜென்மம் நான். சின்ன வயதிலிருந்து நல்ல பெண், நல்ல பெண் என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கெடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மிஷினு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, தொறந்து குடுக்கா. வியாழக்கெழம போய்ட்டு வந்து சாயங்காலமே திருப்பி வச்சிடறேன். உன் காலப் புடிச்சிக்கறேன்."

"மேடம் சொல்லாம நான் தொட மாட்டேன்."

"உனக்கும்தான வேணும்?"

"எனக்கும் வேணும்தான். நானே எடுக்கல பாரு. நாளைக்கி போன் பண்ணி ரெண்டு பேருதும் சேத்துக் கேட்டுடறேன்."

அவள் என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தச் சமயத்தில் நான் சொன்னது பொய் இல்லை. இரண்டு பேருக்கும் கேட்கத்தான் நினைத்திருந்தேன். இதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் அது உண்மை.

புதன்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. எங்கள் ஊரில் தண்ணீர் டேங்க் மேட்டில் ஏறினால்தான் போன் பேச சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று மேடத்தைக் கூப்பிட்டேன். கீழே சென்டர் வாசலில் மிஷினு தொட்டியில் குனிந்து குல்லா அலசுவது தெரிந்தது. அவ்வப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மேடத்தின் குரல் ஒரு மாதிரி இருந்தது. அழுதிருந்தார் போல.

"ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்கம்மா. நேத்தே சொல்லிட்டாங்க. அங்க பனி ஆரம்பிச்சிடுச்சாம், இனிமே குல்லா எதுக்குன்னு கேக்கறாங்க. வேற எடத்துல வாங்கிட்டாங்களாம்."

"அப்ப இதெல்லாம்..."

"போட்டு வையி, அப்பறம் பாக்கலாம். நீ அன்னிக்கி கேட்டியே சர்ட்டிபிகேட்டு. பீரோவத் தொறந்து எடுத்துக்கோ. யார் யாருக்கு வேணுமோ எல்லாருக்கும் குடுத்துடு. இனிமே நான் வச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன். அந்த மிஷினு பொண்ணு கூட ஏதோ இன்டர்வியூன்னு சொன்னல்ல? அவளுதும் குடுத்துடும்மா."

ஆமாங்க மேடம் என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

போனை வைத்துவிட்டு அந்த மேட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கதவு திறந்துவிட்டது. எனக்கு மட்டும் இல்லை, பதினான்கு பேருக்கும். அந்தக் கதவில் நாளைக்கு ஒருத்திதான் நுழைய முடியும், அது அவள்தான். இத்தனை நாள் ஈரக் குல்லாவுக்குக் கீழே குனிந்து குனிந்து நடந்தது, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சைக்காரி மாதிரி கேட்டுக்கொண்டு நின்றது, எல்லாம் அவளுக்காகவா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அதை விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. சேற்றில் சறுக்கிச் சறுக்கிக் கீழே இறங்கி வருவதற்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன்.

மிஷினு நுரைக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா சொன்னாங்க?"

"என்னுது மட்டும் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. சூப்பர்வைசர்னு. மத்தவங்களுது பெட்டி எறங்கினாதானாம்."

"என்னுத கேட்டியா?"

"கேட்டேன்டி. எவ்ளோ கேட்டேன்! மனசே எறங்கல."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். திரும்பிப் போய்த் தொட்டியில் கையை விட்டாள். உள்ளே போய் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் என் கவர். அதற்கு அடுத்தது அவளுடையது. அவள் பெயரை நான்தான் எழுதியிருந்தேன், இரண்டாவது எழுத்தில் மை கொஞ்சம் ஊறியிருந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டு பூட்டினேன். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தேன். எதற்காக இழுத்துப் பார்த்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

ஆர்டர் போனதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் காகிதத்தைக் கேட்பார்களே! அதனால் அந்தப் பெண்கள் புதன்கிழமை முழுக்கவும் வியாழக்கிழமை முழுக்கவும் யாருக்கும் வேண்டாத குல்லாக்களைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மிஷினு ஒரு பட்டுக்கரைப் புடவையைக் கொண்டுவந்தாள். அவள் கல்யாணத்துக்கு எடுத்தது.

"இத கட்டிக்கினு போக்கா. நீ கட்டிக்கினு திரியறதெல்லாம் சாயம் போனது. நல்லா பேசு. பயந்துக்காத. குல்லாவ நான் பாத்துக்கறேன்."

வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் சரிந்த மண்ணில் ஒரு ஜீப் போகிற அளவுக்கு வழி வெட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் என்னைத் திருப்பத்தூரில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் உற்சாகமாக ஏதோ பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அங்கே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என்னைக் கூப்பிட்டார்கள், சான்றிதழைப் பார்த்தார்கள், குழந்தைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள், ஏதோ சொன்னேன். வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் பெயர். மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு, வரலையா என்று கேட்டார்கள். வராந்தாவில் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன், அவள் வருகிறாளா என்று தேடுகிற மாதிரி. அவள் புடவையைக் கட்டிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை சென்டரில் எல்லோரையும் கூப்பிட்டு, இப்போதுதான் டேங்க் மேட்டில் ஏறி மேடத்தோடு பேசினேன், ஆர்டர் போய்விட்டது, காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் என்று சொன்னேன். ஒருத்தி ஒருத்தியாகப் பெயர் படித்துக் கவரைக் கொடுத்தேன். மிஷினு தன்னுடையதை வாங்கிப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டே ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா அந்தம்மா? நல்லா இருப்பாளா அவ?"

"அந்தம்மாவுக்கு நெஞ்சில ஈரமே இல்லடி" என்றேன். நானும் சேர்ந்துகொண்டு மேடத்தைத் திட்டினேன். சாதாரணமாக இல்லை, அவளைவிட அதிகமாகத் திட்டினேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று வருஷம் ஆகிறது. மேடம் சில மாதம் கழித்து வேறொரு கம்பெனியிடம் ஆர்டர் பிடித்து சென்டரை மறுபடி திறந்தார். இப்போது யாரிடமும் காகிதம் வாங்குவதில்லை. தலையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டுதான் குல்லாவைப் போட்டுப் பார்க்கிறார்களாம். என் இடத்தில் மிஷினு சூப்பர்வைசராக இருக்கிறாள். அவள் மகளைத் தினமும் காலையில் என் அங்கன்வாடியில் கொண்டுவந்து விடுவாள். குழந்தை என்னைக் கண்டால் காலைக் கட்டிக்கொள்ளும். முட்டையில் மஞ்சளை எடுத்து வைத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்கிற கழுதை அது. அவள் புடவையைத் துவைத்து மடித்து மறு வாரமே கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவளோடு உட்கார்ந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை இருக்கிறது, பதிவேடு எழுத வேண்டும் என்று ஏதாவது சொல்வேன்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வழக்கம்போல வந்தாள். குழந்தையை இறக்கிவிடாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்து மேடம் வந்திருந்தாங்கக்கா. சும்மா பழசெல்லாம் பேசிக்கினு இருந்தோம். கேன்சல் ஆனத உன்கிட்ட புதன்கெழமையே சொன்னாங்களாமே? என்னுதையும் குடுக்கச் சொல்லி."

கையிலிருந்த கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தேன். மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.

"சிக்னல் சரியா இல்லடி அன்னிக்கி. பாதிதான் கேட்டுச்சி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றுகூட இருந்தது. மண்ணை வாரித் தூற்றி, ஊரைக் கூட்டியிருந்தால் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"அப்டியா" என்றாள்.

குழந்தையை இறக்கி, முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்து, என் பக்கமாகத் தள்ளினாள். சாயங்காலம் வர ஆறு மணி ஆகும் என்று சொல்லிவிட்டு சென்டருக்குப் போனாள். மறுநாளும் கொண்டுவந்து விட்டாள். அதற்கு மறுநாளும். இப்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஓர் அங்கன்வாடிதான்.